பேட்டரிக்கு முகம் எந்தப் பக்கம்?

நாலே நாளில் ஒரு நல்ல மனிதரை நான் கள்ளனாக்கினேன். அதற்கு எனக்கு ஒரு லெப்டொப் பேட்டரியும், கொஞ்சம் சந்தனமும், காலை பஸ்ஸில் ஒரு ஜன்னலோர ஆசனமும் போதுமாக இருந்தன. கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுக்க நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசித்து முடித்த பிறகு என்னைத் திட்டலாம், தடையில்லை.

நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டம். ஒரே கூரையின் கீழ் பத்துக் காம்பிரா வரிசையாக நிற்கும் லயத்தில், ஏழாவது காம்பிரா எங்கள் வீடு. வீட்டுக்காரர் தேயிலை பேக்டரியில் கொழுந்து அரைக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர். நான் இரண்டு தோட்டம் தள்ளியுள்ள பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். நான் பிறந்ததும் இதே லயத்தில்தான், ஆனால் நியமனக் கடிதம் வந்த நாளிலிருந்து, என் மூக்குச்சளியைத் துடைத்துவிட்ட பொம்பளைகள்கூட என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன், வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

லயத்தில் யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமென்றாலும் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழையா, அடையாள அட்டை தொலைந்ததா, பிரதேச செயலகத்துக்குச் சிங்களத்தில் எழுதவேண்டுமா, எல்லாம் நான்தான். இத்தனை வருடத்தில் ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் விண்ணப்பம் எழுதிவிட்டேன், என் பெயரில் மட்டும் ஒன்றும் போனதில்லை. சென்ற வருடம் முதன்முதலாக ஒன்று அனுப்பினேன். கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே சிங்களத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் தேவைப்பட்டது. பாடசாலை முடிந்த பிறகு செய்யலாம். பதிலும் வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்முகம், லெப்டொப்பிலேயே, கெமராவுக்கு முன்னால், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே ஒன்றரை மணி நேரம் மொழிபெயர்த்துக் காட்டவேண்டும். அதை வாசித்துவிட்டு நான் பின்வாசலில் போய் நின்று தனியாகச் சிரித்தேன். எனக்கு அந்த வேலை அவ்வளவு வேண்டியிருந்தது.

மறுநாளே தோட்டத்துக் கடையில் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். மின்கம்பிக்கு மேல் சாயும் மரங்களை வெட்டுவதால் திங்கட்கிழமை காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை கரண்டு இல்லை. வருடம் முழுக்கச் சாய்ந்துகொண்டிருக்கும் மரத்தை வெட்ட இவர்களுக்கு வேறு நாள் கிடைக்கவில்லை.

என் லெப்டொப், தம்பி கொழும்பில் பாவித்துக் களைத்துப்போய் எனக்குக் கொடுத்தது. பேட்டரியைப் பின்பக்கம் கிளிப்பைத் தள்ளிக் கழற்றலாம், அந்தக் காலத்து மாடல். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரைச் செருகியிருந்தால் மட்டும் ஓடும். நாலாவது காம்பிராவில் யாராவது அயர்ன் பண்ணினால் எங்கள் வீட்டு பல்பு கண்ணை மூடும், லெப்டொப் உயிரை விடும். ஆகவே திங்கட்கிழமைக்குள் புதுப் பேட்டரி ஒன்று வாங்கி, முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்தாகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் ஹட்டனுக்குப் போனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில், எல்லாரும் நானா என்று கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணனின் சின்னக் கடை இருக்கிறது. ஃபோன், ரேடியோ, லெப்டொப், என்ன கொண்டுபோய்க் கொடுத்தாலும் திறந்து பார்ப்பார். எங்கள் தோட்டத்து ஃபோன்களில் பாதி அவர் மேசையில் ஒரு தடவையாவது படுத்து எழும்பியவை. பேட்டரியை என் லெப்டொப்பிலேயே மாட்டி, வயரைச் செருகி, திரையை என் பக்கம் திருப்பினார்.

"பாருங்கோ டீச்சர், சார்ஜ் ஏறுது. நாப்பது ஈக்குது. இந்தா, நாப்பத்தொண்டு."

கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றரை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம்.

"கழட்டிக் குடுத்துருங்க நானா. நான் வீட்டுல நல்ல நேரம் பாத்து மாட்டிக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. கழற்றி, பெட்டிக்குள் வைத்து, பையில் போட்டுக் கொடுத்தார். அன்று காலை ஆறாம் வகுப்புக்கு நான் நடத்திய பாடம், மின்கடத்திகளும் காவலிகளும். எதன் வழியாக மின்சாரம் போகும், எதன் வழியாகப் போகாது என்று கரும்பலகையில் இரண்டு நிரலாக எழுதிக் காட்டியிருந்தேன். அந்தச் சோக்குத் தூள் இன்னும் என் சேலையில் இருந்தது.

எங்கள் லயத்தில் பொட்டு வைக்காமல் எந்தப் புதுச் சாமானும் வேலை தொடங்காது. டிவிக்கு வலது கீழ்மூலையில், ரைஸ்குக்கருக்கு மூடியில், ஆட்டோவுக்கு நெற்றிக் கண்ணாடியில், தையல் மெஷினுக்குக் கழுத்தில். எங்கே வைப்பது என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை, பார்த்தால் தெரிந்துவிடும். நான் விஞ்ஞான டீச்சர். இதையெல்லாம் நம்புகிறவளா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் வாழ்க்கையில் முதல் நேர்முகம் வரும்போது, நம்பாததை ஒரு தடவை செய்து பார்ப்பதில் என்ன குறைந்துவிடப் போகிறது? ஆறு மணிக்கு விளக்கேற்றிச் சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் பிரச்சினை புரிந்தது. பேட்டரிக்கு முகம் எந்தப் பக்கம்?

அது ஒரு நீளமான கறுப்புக் கட்டை. ஒரு பக்கம் வெறும் பிளாஸ்டிக். மறுபக்கம் எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்து. இன்னொரு ஓரத்தில் மட்டும் தங்க நிறத்தில் சின்னச் சின்னப் பற்கள் வரிசையாக மின்னின. பல் இருக்கிற இடம்தானே முகம்? அங்கேயே சந்தனத்தைத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமத்தையும் அழுத்தினேன். கற்பூரம் காட்டிக் கும்பிட்டு முடிப்பதற்குள் அது நன்றாகக் காய்ந்துவிட்டது. கிளிப் சத்தம் கேட்கும்வரை தள்ளி மாட்டினேன்.

சார்ஜ் ஏறவில்லை. வயர் செருகியிருக்கிறது, சார்ஜ் ஆகவில்லை என்று திரை சொன்னது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஏறத் தொடங்கியது. நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்துமூன்றுக்குப் போய், அங்கிருந்து ஒரே பாய்ச்சலில் ஏழுக்கு வந்து, லெப்டொப் அணைந்தது. நான் பேட்டரியைக் கழற்றினேன், மாட்டினேன். திரும்பவும் கழற்றினேன், மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டு என்னைப் பார்த்தது, நானும் அதைப் பார்த்தேன். இதில் ஏதோ இருக்கிறது என்று என் மூளையில் ஒரு மணிகூட அடிக்கவில்லை.

புதன்கிழமை இடைவேளையில் நானாவுக்கு ஃபோன் போட்டேன். பொறுமையாகக் கேட்டார்.

"ஒருக்கா கழட்டிப் பாருங்கோ டீச்சர். அந்த ஓரத்துப் பின் எல்லாம் சுத்தமா ஈக்குதா?"

அந்தச் சொல் என்னைச் சுட்டது. சுத்தமா? ஹட்டன் டவுனில் எங்கள் ஆட்களைப் பார்த்தால் ஆசனத்தில் சற்றுத் தள்ளி உட்காருகிறவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். பாடசாலைக்கு வரும் அதிகாரி கதிரையைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். அதற்காகவே என் வீட்டுத் தரையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைக்கிறவள் நான். அவ்வளவு வருடத்துக் கோபமும் அந்த ஒரு மனிதரின் காதில் போய் விழுந்தது.

"ஏன் நானா, லயத்துல இருக்குறவங்கன்னா அழுக்குன்னு நெனச்சீங்களா? எங்க வீட்டுல வந்து பாருங்க, உங்க கடைய விட சுத்தமா இருக்கும்!"

"அப்பிடி இல்ல டீச்சர், நான் சொன்னது பின்ன…"

நான் கட் பண்ணிவிட்டேன். அந்தப் பேட்டரியின் வியாதிக்கு உலகத்திலேயே சரியான மருந்தை அந்த மனிதர் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார். எனக்குத்தான் அது மருந்தாகக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வைத்தியம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. இணையத்து வீடியோக்களில் சொன்னதையெல்லாம் செய்தேன். பவர் பட்டனை முப்பது வினாடி அழுத்திப் பிடித்தேன், எதையோ அழித்துத் திரும்ப ஏற்றினேன், எதையோ அப்டேட் பண்ணினேன். வீட்டுக்காரர் பேக்டரியில் இயந்திரத்துக்குச் செய்வதுபோல லெப்டொப்பில் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள பேரிங் போயிருச்சு புள்ள."

"இதுல பேரிங்கே கெடையாதுங்க."

"அப்ப அதான் கோளாறு," என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பக்கத்துக் காம்பிரா அக்கா வேறு நோய் கண்டுபிடித்தார். கொழுந்து பறித்துவிட்டு வந்து, ஈரப் படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தார்.

"ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கு டீச்சர். குளிருக்கு வெறச்சுப் போயிருக்கு. பச்சப்புள்ள மாதிரி பொத்தி வைங்க."

அவருடைய பேரனின் கம்பளித் தொப்பிக்குள் பேட்டரி ஒரு இரவு படுத்திருந்தது. காலையில் சூடாக இருந்தது. சார்ஜ் மட்டும் ஏழைத் தாண்டவில்லை.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தலைவர் உட்கார்ந்திருந்தார். தொழிற்சங்கத்துக்காரர். எந்தச் செய்தியைக் கேட்டாலும் அதில் ஒரு போராட்டம் தெரியும் அவருக்கு. ஏன் முகம் வாட்டமா இருக்கு டீச்சர் என்று கேட்டார், அவ்வளவுதான். பாடசாலைச் சந்தி வரும்வரை கொட்டித் தீர்த்தேன். பழைய பேட்டரியைப் புதுப் பெட்டியில் போட்டுக் கொடுத்துவிட்டான், கடையில் ஏதோ தந்திரம் செய்து நாற்பது காட்டினான், கேட்டால் எங்களை அழுக்கு என்கிறான். இதில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை. ஆனால் சொல்லச் சொல்ல எல்லாம் கண்ணால் பார்த்த மாதிரியே இருந்தது. முன் ஆசனத்துக்காரர்களும் திரும்பிக் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பெரட்டில், அதாவது அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்க எல்லாரையும் கூட்டும் இடத்தில், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடத் தொடங்குமுன் தலைவர் முன்னால் வந்து நின்றாராம். அக்காதான் சாயந்தரம் வந்து அதே குரலில் நடித்துக் காட்டினார்.

"நம்ம டீச்சரையே ஏமாத்திப்புட்டான். படிச்ச புள்ளைக்கே இந்தக் கதின்னா நம்ம கதி என்னா? இனிமே நம்ம தோட்டத்து ஆளு ஒருத்தரும் அந்தக் கடைப் படி ஏறக்கூடாது!"

இருநூறு பேர் கை தூக்கினார்களாம். தண்ணீர்க் குழாய்க்காக மூன்று வருடமாக ஒருமனதாகத் தூக்காத கைகள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையோடு பேட்டரியை எடுத்துப் பார்த்தேன். கழற்றி மாட்டியதில் பொட்டு உதிர்ந்து மங்கலாகியிருந்தது. வெள்ளிக்கிழமை வேறு. புதுசாகச் சந்தனம் குழைத்து, பழையதன் மேலேயே இன்னும் கொஞ்சம் தடிப்பாக வைத்தேன். அதற்குப் பிறகு அது சார்ஜ் ஏறுவதாகப் பொய்கூடச் சொல்லவில்லை.

சனியும் ஞாயிறும் அழுகையும் ஆத்திரமுமாகப் போயின. திங்கட்கிழமை விடிந்ததும் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ் ஏறினேன். பாடசாலைக்கு லீவு சொல்லியிருந்தேன். தலைவர் ஐந்து பேரோடு துணைக்கு வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். திட்டம் இதுதான். கடை திறந்ததும் நியாயம் கேட்டு வேறு பேட்டரி வாங்குவது, பிறகு டவுனில் எங்கேயாவது ஒரு மூலையில் உட்கார்ந்து நேர்முகத்தை முடிப்பது. மூடிய ஷட்டருக்கு முன்னால் பனிக்குள் நின்றபடி, கேட்கவேண்டிய கேள்விகளை மூன்று மொழியிலும் ஒத்திகை பார்த்தேன். சிங்களத்தில்தான் மிக நன்றாக வந்தது.

எட்டரைக்கு நானா வந்தார். ஷட்டரைத் தூக்கும்போதே, பத்து மணிக்கு எனக்கு நேர்முகம் என்பதிலிருந்து நான் தொடங்கிவிட்டேன். அவர் கையை நீட்டினார். லெப்டொப்பைக் கொடுத்தேன். அதற்குள் இரண்டு பேர் ஃபோனுக்குக் காசு ரீலோட் போட வந்து பக்கத்தில் நின்றார்கள். நல்லது, சாட்சிக்கு ஆள் என்று நினைத்துக் குரலை இன்னும் உயர்த்தினேன்.

அவர் பேட்டரியைக் கழற்றினார். ஓரத்தைப் பார்த்தார். பார்த்தவுடனே, நின்றிருந்த இரண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். இழுப்பறையிலிருந்து ஒரு சின்னப் போத்தல் ஸ்பிரிட்டும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்தார். தேய்க்கத் தொடங்கினார். கீழே விரித்திருந்த வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒன்று வழிந்தது. பிறகு சிவப்பாக. பிறகு திரும்பவும் மஞ்சள், அது செவ்வாய்க்கிழமைப் பொட்டு.

நான் பாதி வாக்கியத்தில் இருந்தேன். மீதிப் பாதி எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. கடத்திகள், காவலிகள் என்று கரும்பலகையில் நான் எழுதிய இரண்டு நிரலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. காய்ந்த சந்தனம் எந்த நிரலில் வரும் என்று ஆறாம் வகுப்பில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

ரீலோட் போட வந்தவர்களை அவர் முதலில் அனுப்பிவைத்தார். அவர்கள் போன பிறகுதான் பேட்டரியை மாட்டி வயரைச் செருகினார். ஏழு. எட்டு. ஒன்பது.

"பிழ என்னோடது டீச்சர்," என்றார் மெதுவாக. "எங்க வைக்கக்கூடாதுன்னு நான் சொல்லித்தரல்ல. ராகு காலம்னு கழட்டச் சொன்னீங்கதானே, அப்பவே யோசிச்சிருக்கணும். எங்க உம்மா நான் வேன் வாங்கின நாள் எஞ்சினுக்கு ஒரு தாயத்து கட்டிவிட்டாங்க. அது பெல்ட்டுல சுத்தி, கண்டி ரோட்டுல நடுவழியில நின்னேன். உம்மாகிட்ட இன்னும் சொல்லல்ல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பஸ்ஸில் சொன்னதையும் பெரட்டில் நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "வெள்ளிக்கிழமையில இருந்து உங்கட தோட்டத்தால ஒருத்தரும் வரல்ல. ரிப்பேருக்குத் தந்த ஃபோன ரெண்டு பேர் திறந்தபடியே வாங்கிட்டுப் போனாங்க." கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்குப் பத்து மணிக்குத்தானே? உள்ள போய் உட்காருங்கோ. டவுன்ல கரண்டு ஈக்குது. வயரக் கழட்ட வேணாம்."

கடைக்குப் பின்னால் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு இடம். செத்த ஃபோன்களைப் பெட்டியோடு தள்ளிவைத்து மேசையைத் துடைத்துத் தந்தார். என் நேர்முகம் அங்கேதான் நடந்தது. கெமராவில் எனக்குப் பின்னால் ஃபோன் கவர்கள் தோரணம் மாதிரித் தொங்கின. கொழும்பு அம்மணி ஒருவர், நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். ஒரு நண்பரின் அலுவலகத்தில் என்றேன். நானா வாசலில் நின்று, வருகிறவர்களையெல்லாம் வாயில் விரலை வைத்து அமைதிப்படுத்திக்கொண்டிருந்தார்.

அன்று சாயந்தரமே தோட்டத்துக்குப் போய் எல்லாருக்கும் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. முடிவு வரட்டும், வேலை கிடைத்தால் கௌரவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் பேட்டரி சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். பத்து நாள் கழித்து வேலை கிடைத்ததாகக் கடிதம் வந்தது. அந்தப் பத்து நாளும் நானா கடைக்கு எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர்கூடப் போகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

கடிதம் வந்த மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். தலைவர் என்னை முன்னால் நிறுத்தினார். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னேன், கை தட்டினார்கள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தது நான், சார்ஜ் ஏறாமல் தடுத்தது அந்தச் சந்தனம், நானா தந்தது நல்ல பேட்டரி, அவரைக் கள்ளன் என்று சொன்னது என் வாய்க்கொழுப்பு. விஞ்ஞான டீச்சர் இருநூறு பேர் முன்னால் இதைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் தெரியுமா? சொல்லிவிட்டு, மன்னிப்புக் கிடைக்கும் என்று காத்திருந்தேன்.

அக்காதான் முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா! அப்ப பொட்டு வச்ச பொறகுதானே டீச்சருக்கு வேல கெடச்சிருக்கு!"

"இல்லக்கா, அந்தப் பொட்டத் தொடச்ச பொறகுதான்…"

"தொடச்சா என்னா? வச்சது வச்சதுதானே? அவன் குடுத்த நாசமாப் போன பேட்டரியவே அம்மன் ஓட வச்சிருக்கா பாருங்க!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. எனக்குச் சாதகமான முணுமுணுப்புதான், ஆனால் நான் கேட்டது அதுவல்ல. தலைவர் கையை உயர்த்தினார்.

"டீச்சர் பெருந்தன்மையாப் பேசுறாங்க. அவங்க கொணம் அப்பிடி. ஆனா ஒன்னு யோசிங்க. டீச்சருக்கு அம்மன் தொண நின்னா. மத்தவங்களுக்கு யாரு நிப்பா? அதனால அந்தக் கடை வேணாங்குறது வேணாங்குறதுதான்!"

திரும்பவும் கைகள் உயர்ந்தன. நான் ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வார்த்தையும் நானாவின் தலையில் இன்னொரு கல்லாக ஏறியது. பொய் சொன்னபோது முழுசாக நம்பினவர்கள், உண்மையைச் சொன்னபோது என் குணத்தைப் புகழ்ந்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரமே வாசலில் ஆள் வரத் தொடங்கிவிட்டது. முன்பு விண்ணப்பம் எழுதவேண்டி வந்தவர்கள், இப்போது பேட்டரியோடு வந்தார்கள். பட்டன் ஃபோன் பேட்டரி, டோர்ச் பேட்டரி, ஒருவர் ஆட்டோ பேட்டரியைத் தோளில் சுமந்துகொண்டே வந்தார். டீச்சர் கை ராசியான கை, ஒரு பொட்டு வச்சுக் குடுங்க. வைக்கமாட்டேன் என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினேன். என்ன கர்வம் பாரு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். அவருடைய மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள், அவளுக்குப் பழைய லெப்டொப் ஒன்று கிடைத்திருந்தது, அதற்குப் பேட்டரி வாங்கவேண்டும்.

"நாளைக்கு வாங்கப் போறோம் டீச்சர். வேற கடையில. வாங்கிட்டு வந்ததும் நீங்கதான் பொட்டு வைக்கணும். அந்தப் பல்லுலயே வைங்க."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. அதை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை, சத்தியமாக.

"வைக்கிறேங்க்கா. ஆனா என் பொட்டு அந்த நானா கடையில வாங்குன பேட்டரிக்கு மட்டுந்தான் பலிக்கும்."

"ஏன் டீச்சர்?"

"அம்மன் கனவுல வந்து சொல்லிட்டா. அந்தக் கடைப் பேட்டரிய வச்சுத்தானே எனக்கு வழி காட்டுனா? வேற கடைன்னா ஏத்துக்கமாட்டாளாம். இன்னொன்னும் சொன்னா. இனிமே பல்லுல வைக்கக்கூடாது, முதுகுலதான் வைக்கணுமாம்."

அக்கா கண்ணை மூடிக் கும்பிட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இருநூறு பேர் முன்னால் நின்று ஆதாரத்தோடு சொன்ன உண்மையைத் தட்டிவிட்டவர், பின்வாசலில் வைத்து நான் சொன்ன கனவை ஒரு சொல் விடாமல் நம்பினார். மறுநாள் பெரட்டில் அது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தலைவர் தம்முடைய ஃபோனைத்தான் முதலில் நானா கடைக்குக் கொண்டுபோனாராம், அம்மன் சொன்னதுக்குப் பிறகு சங்கம் என்ன சொல்வது என்று.

இரண்டு மாதத்தில் எங்கள் தோட்டம் மட்டுமல்ல, பக்கத்துத் தோட்டமும் அந்தச் சந்துக்குள் போய் வரத் தொடங்கியது. வாங்கிக்கொண்டு வந்த பேட்டரிகளின் வெறும் முதுகில் நான் பொட்டு வைத்தேன். எல்லாம் ஒழுங்காகச் சார்ஜ் ஏறின. என் கை ராசியின் புகழும் கூடிக்கொண்டே போனது. ஆறாம் வகுப்பில் கடத்திகளும் காவலிகளும் பாடம் வரும்போது மட்டும் நான் கரும்பலகையைப் பார்த்தபடியே நடத்துகிறேன்.

போன மாதம் லெப்டொப்புக்கு வயர் வாங்க நானாவின் கடைக்குப் போயிருந்தேன். எங்கள் தோட்டத்து ஆள் ஒருவருக்குப் புதுப் பேட்டரி கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுக்கும் முன் கறுப்பு மார்க்கரை எடுத்து, அதன் பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வட்டம் போட்டார்.

"இதுக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ," என்றார் அவரிடம்.

அவர் போனதும் என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், எனக்கு ஒண்டு விளங்கல்ல. மழை விட்ட மாதிரித் திடீர்னு எல்லாரும் வந்தாங்க. வாற எல்லாரும் உங்கட பேரச் சொல்றாங்க, கனவுங்குறாங்க. பெரட்டுல உண்மையச் சொல்லிட்டீங்கதானே?"

சொன்னேன் என்றேன். சொன்னதில் என்ன நடந்தது என்பதையும், பிறகு அக்காவிடம் நான் சொன்ன பொய்யையும் மறைக்காமல் சொன்னேன். என்னால் கெட்ட பெயரை உண்மையால் மீட்டுக் கொடுக்க முடியவில்லை, அதனால் இப்படி, மனசு கேட்கவில்லை நானா, வேண்டுமென்றால் திரும்ப ஒரு தடவை எல்லார் முன்னாலும் நின்று…

அவர் மார்க்கரை மூடினார். கடை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். எங்கள் தோட்டத்து ஆட்கள் இன்னும் மூன்று பேர் சந்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

"அல்லாவே," என்றார் பதறிப்போய். "இதையும் பெரட்டுல சொல்லிடாதீங்கோ டீச்சர்."

நான் இன்றுவரை சொல்லவில்லை.